ஏழு மரமும் ஒரு டின் சிவப்பும்

நம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து, இப்போது சிரம்பானிலும் பாரோயிலும் போர்ட்டிக்சனிலும் சிதறிக் கிடக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படம் வந்தது. பள்ளிக்கூட வேலியோரம் ஏழு ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிராணியின் ஓவியம். மரத்தின் இடுப்பைச் சுற்றிக் கைத்தடங்கள். முன்னால் நாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். ஓரத்தில் குடையோடு டீச்சர். படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியதையும் படித்தேன். "பட்டைய சீவச் சொல்லி எல்லா மரத்தையும் சாவடிச்சாங்கல்ல லா இவங்க" என்று ஒருவர். "அவங்க கை வச்சது எது வெளங்குச்சு" என்று இன்னொருவர். பத்துப் பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தீர்கள். அறுபதைத் தாண்டிவிட்டோம். பாதிப் பேருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. புத்தி மட்டும் அப்படியே இருக்கிறது.

டீச்சர் அந்த மரங்களைக் கொல்லவில்லை. நான் கொன்றேன். அது என் அப்பாவுக்குத் தெரியும். உங்கள் அப்பா அம்மாக்களுக்கும் பாதி தெரியும். இதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் தொழிற்சாலையில் நின்று திருகாணி முடுக்கினவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த வருஷம் நாம் ஆறாம் ஆண்டு. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட ஆரம்பித்திருந்தார்கள். உங்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மரத்தைச் சாய்ப்பதற்கு முன்பு மருந்து வைத்துக் கொல்வார்கள். மரத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மேல்பட்டையைக் கத்தியால் சீவுவார்கள். உள்ளே பச்சை தெரியும். டீசலில் கலந்த விஷத்தை அந்தப் பச்சையின் மேல் பிரஷ்ஷால் சுற்றிப் பூசுவார்கள். எந்த மரத்துக்குப் பூசியாயிற்று, எதற்குப் பூசவில்லை என்று தெரிவதற்காக அதில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். பூசின மரம் நின்றபடியே சாகும். மலை மலையாக, நிரை நிரையாகச் செத்தது. அந்த வேலை செய்த ஆட்களை மேய்க்கிற மண்டோர், கங்காணி, என் அப்பாதான்.

டீச்சர் அந்த வருஷம்தான் வந்தார். கெமாஸ்காரர். அவருடைய அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். டீச்சருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. தற்காலிக ஆசிரியை. வருஷக் கடைசியில் பெரிய வாத்தியார் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைக்கும். இதை அவரே வகுப்பில் சொன்னார். தனக்குப் பின்னால் இரண்டு தங்கச்சிகள் இருக்கிறார்கள், தான் நிரந்தரமானால்தான் அவர்கள் படிக்க முடியும் என்றார். நமக்கு அதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற விஷயம். அவர் கொண்டுவரும் குடையின் கைப்பிடியில் ஒரு வாத்துத் தலை இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கத்தான் நமக்குள் போட்டி.

வகுப்பு ஜன்னலைத் திறந்தால் எதிர் மலை தெரியும். மொட்டையாக, சாம்பல் நிறத்தில், செத்த மரங்கள். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒரு நாள் கேட்டார், அந்த மலையில் இருந்த பறவையும் பிராணியும் இப்போது எங்கே போயிருக்கும் என்று. கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"கறிக்குப் போயிருக்கும் டீச்சர். போன வாரம் எங்கூட்டுல உடும்பு."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. ரோட்டைப் பார்த்த பள்ளி வேலியோரம் பால்வெட்டு நின்றுபோன கிழ மரங்கள் ஏழு இருந்தன. அதுகளுக்கும் மருந்து வைக்க ஆள் வரும் என்று தெரிந்ததும், அந்த ஏழு மரத்தையாவது விடச் சொல்லித் தோட்டத்துத் துரையிடம் கேளுங்கள் என்று பெரிய வாத்தியாரைப் பிடுங்கி எடுத்தார். பெரிய வாத்தியார் துரையின் காரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிற மனிதர். அவர் எப்படிக் கேட்டாரோ, துரை சிரித்துக்கொண்டே சரி என்றாராம். பிள்ளைகளுக்கு நிழல் வேண்டும்தானே என்றாராம்.

அப்புறம்தான் டீச்சருக்கு அந்த யோசனை வந்தது. பள்ளிப் பரிசோதகர் வரப்போகிறார். வழக்கமாக நாம் வரவேற்புப் பாட்டுப் பாடுவோம், காகிதத் தோரணம் கட்டுவோம். இந்தத் தடவை ஏழு மரத்தையும் படமாக்குவோம் என்றார். மலையிலிருந்து ஓடிப்போன ஏழு பிராணிகள், மரத்துக்கு ஒன்று. இருவாச்சி, உடும்பு, அணில், குரங்கு, எறும்பு தின்னும் அலங்கு, ஆந்தை, காட்டுக்கோழி. ஒவ்வொரு மரத்தின் இடுப்பையும் சுற்றி நம்முடைய கைத்தடம், விரலோடு விரல் தொட்டு, பிள்ளைகள் கைகோத்து மரத்தைக் காவல் காக்கிற மாதிரி. லிங்கி ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்றார். இப்போது ஒவ்வொரு பள்ளியிலும் பிளாஸ்டிக் போத்தலில் மரம் செய்து வைத்துச் சுற்றுச்சூழல் என்று பேசுகிறார்களே, அந்த வார்த்தையெல்லாம் அப்போது நமக்குத் தெரியாது. டீச்சருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு அந்த மலையைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

சாயத்துக்கு ஊரெல்லாம் பிச்சை எடுத்தோம். கோயிலுக்கு அடித்து மிஞ்சிய நீலம். தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுக் கதவுக்கு அடித்த மஞ்சள். கறுப்புக்கு அடுப்புக்கரியும் பசையும். வெள்ளைக்குச் சுண்ணாம்பு. சிவப்பு மட்டும் டீச்சர் தன் கைக்காசில் சிரம்பானில் வாங்கி வந்த ஒரு சின்ன டப்பா. கெட்டியாகப் போன சாயத்தையெல்லாம் மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்தோம். பள்ளிக்கூடமே விளக்குக் கடை மாதிரி நாறியது. பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்காரர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். லோரி டிரைவர்கள் ஹார்ன் அடித்தார்கள். நம் தோட்டத்தில் பார்ப்பதற்கென்று ஒன்று இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

படங்களை வரைந்தது என் பக்கத்து வீட்டுத் தோழி. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். படிக்கிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். ஏழு பிராணியையும் அவள்தான் வரைந்தாள். நாம் உள்ளே நிறம் அப்பினோம், அவ்வளவுதான். அந்த அலங்கின் முதுகில் ஒவ்வொரு செதிலையும் தனித்தனியாகப் போட்டாள். டீச்சர் அவளை அணைத்துக்கொண்டு, "இந்தக் கைக்கு வளையல் போடணும்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. நான் வகுப்பில் முதல். கணக்கில், தமிழில், எல்லாவற்றிலும். அவளுக்கு வாய்ப்பாடு ஏழுக்கு மேல் தெரியாது. ஆனால் அந்த ஒரு வாரம் டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை சிவப்பு தீர்ந்துவிட்டது. இருவாச்சியின் கொண்டைக்கும் காட்டுக்கோழிக்கும் போக டப்பாவின் அடியில் ஒரு கரண்டி கூட இல்லை. அதே சிவப்பில் கைத்தடம் வைப்பது சனிக்கிழமை. பரிசோதகர் திங்கட்கிழமை வருகிறார். டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் எழுந்து நின்றேன்.

"எங்கூட்டுல இருக்கு டீச்சர். அப்பாக்கிட்ட செவப்பு இருக்கு."

"அப்பா குடுப்பாரா?"

"குடுப்பாரு டீச்சர்."

அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால், விறகடியில், பெரிய பால்மாவு டின் ஒன்றும் சின்ன டின் ஒன்றும் இருந்தன. சின்னதில் இருந்தது மரத்துக்கு நம்பர் போடுகிற சிவப்புச் சாயம். பெரியதில் இருந்தது மரத்தைக் கொல்கிற மருந்து. வீட்டுக்குப் பின்னால் வெட்ட வெட்டத் துளிர்க்கிற ஒரு பலா அடிக்கட்டை இருந்தது. அதைச் சாகடிக்கத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார். இரண்டு டின்னும் சிவப்பு. இரண்டிலும் எண்ணெய் நாற்றம். ஒன்றிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதுகிற வழக்கமே இல்லை நம் ஊரில். ஆசிட்டும் பால்மாவு டின்னில்தான், விளக்கெண்ணெயும் பால்மாவு டின்னில்தான். நான் நிறைய இருந்த டின்னைத் தூக்கினேன். நிறையக் கொண்டுபோனால் நிறைய நல்ல பேர் வாங்கலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை. ரப்பர் மரத்தின் மேல்பட்டை சொரசொரப்பு. அதில் கை வைத்தால் தடம் விழாது. டீச்சர் சாக்குத் துணியால் தேய்த்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் சொன்னோம். பால்வெட்டுக்காரர்கள் பெற்ற பிள்ளைகள். நாலு பையன்கள் வீட்டுக்கு ஓடிச் சீவுகத்தி கொண்டுவந்தார்கள். மரத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு, காயம் படாமல், ஒரே சீராக, அப்பாக்கள் சீவுகிற மாதிரியே சீவினோம். பச்சையாக, ஈரமாக, வழவழவென்று வந்தது. டீச்சர் அதைத் தடவிப் பார்த்து, "எப்படிப் பிள்ளைங்களா இவ்வளவு அழகா" என்றார். அவர் ரயில்வே வீட்டுப் பெண். மரத்தைச் சாகடிப்பதற்கு முன்னால் செய்கிற வேலையைத்தான் நாம் செய்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தெரியும். ஆனால் சீவினதற்கு மேல் மருந்து பட்டால்தானே சாவு. கையில் இருப்பது சாயம் என்று நினைத்தோம்.

சாயம் சரியாகவே இல்லை. எண்ணெய் மாதிரி வழிந்தது. காயவில்லை. கை வைத்து எடுத்தால் தடம் ஒன்றோடொன்று ஒழுகிச் சேர்ந்துகொண்டது. டீச்சர் பிரஷ்ஷால் இடைவெளியை நிரப்பினார். மதியத்துக்குள் ஏழு மரமும் முடிந்தது. தள்ளி நின்று பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அரை நாள் வேலை முடிந்து அப்பா சைக்கிளில் அந்த வழியாக வந்தார். என் முன்னால்தான் நிறுத்தினார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஏழு மரத்தையும் பார்த்தார். கீழே கிடந்த டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீச்சர் கைகூப்பி, உங்க பொண்ணுதான் கொண்டுவந்துச்சு, ரொம்ப நன்றிங்க என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் டின்னை எடுத்து ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு போனார்.

அவர் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அப்போதே சுரண்டிக் கழுவியிருந்தால் இரண்டொரு மரமாவது நின்றிருக்கும். ஸ்டோர் மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் வேலை போய்விடும். வேலை போனால் வீட்டை விட வேண்டும். லயத்து வீடு வேலைக்காரனுக்குத்தான், மனிதனுக்கு இல்லை. நாங்கள் ஐந்து பிள்ளைகள். அவர் பயந்தார். அதைப் புரிந்துகொள்கிறேன். மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை.

பரிசோதகர் வந்தார். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்றார். அலங்கை விரலால் தொட்டுப் பார்த்தார். கிராணி தன் கேமராவில் படம் எடுத்தார். நீங்கள் குழுவில் போட்டது அந்தப் படம்தான். பெரிய வாத்தியார் எல்லாம் தன் யோசனை என்பது போல மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். டீச்சரின் முகத்தை நான் பார்த்தேன். பயிற்சிக் கல்லூரிக்குப் பாதி தூரம் போய்விட்ட முகம்.

மூன்று வாரத்தில் இலை பழுத்துக் கொட்டியது. யாரும் கவலைப்படவில்லை. அது ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற மாதம். தோட்டம் முழுவதும் கொட்டியது. அந்தக் காய்ந்த இலையில் சறுக்கி விளையாடினோம். பிறகு மிச்சமிருந்த ரப்பர் மரங்களிலெல்லாம் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. நம் ஏழில் வரவில்லை. டீச்சர் தினமும் காலையில் அண்ணாந்து பார்த்தார். தண்ணீர் ஊற்றச் சொன்னார். நாம் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினோம். நானும் சுமந்தேன். எனக்கு அப்போது தெரியும். அப்பா டின்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே சுமந்தேன்.

பட்டை வெடித்தது. வெடிப்பில் பால் கசிந்து கறுத்தது. வண்டு துளைத்த மாவு அடிமரத்தில் குவிந்தது. இருவாச்சியின் கழுத்து இரண்டாகப் பிளந்து தொங்கியது. ஒரு காற்றில் ஆந்தை மரத்தின் கிளை முறிந்து வேலியில் விழுந்தது. அதோடு விஷயம் துரையின் காதுக்குப் போனது.

துரைக்கு மரத்தைப் பற்றி அக்கறை இல்லை. ஆயிரக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தவர்தானே. மருந்து திருடு போகிறதோ என்றுதான் அவருக்குச் சந்தேகம். ஒரு நாள் விடிகாலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில், ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, பெரிய வாத்தியாரையும் டீச்சரையும் வரவழைத்தார். நான் அம்மாவின் பால்வாளியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். துரை என் அப்பாவைக் கூப்பிட்டு, மரம் எதனால் செத்தது என்று கேட்டார். மருந்து வைத்த மரத்தைப் பார்த்தால் தெரிகிற ஒரே மனிதன் அவர்தான்.

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்.

"பட்டைய சீவிட்டாங்க தொரை. சீவுனா மரம் நிக்காது."

நண்பர்களே, இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். அங்கே அறுபது எழுபது பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் பால்வெட்டுக் கத்தி. தினமும் ஆளுக்கு நானூறு மரத்தின் பட்டையைச் சீவுகிறவர்கள். அதே மரத்தை இருபது வருஷமாகச் சீவிச் சோறு தின்கிறவர்கள். மேல்பட்டையைச் சீவினால் மரம் சாகாது என்பது அவர்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும். ஒருவர் வாய் திறக்கவில்லை. உங்கள் அப்பா நின்றார். உங்கள் அம்மா நின்றார். என் அம்மா தலைத்துணியை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஏன் பேசவில்லை என்று கேட்டால், எல்லார் வீட்டு விறகடியிலும் ஒரு பால்மாவு டின் இருந்தது. ஸ்டோர் டீசல், ஸ்டோர் ஆசிட், ஸ்டோர் மருந்து. வீடு வீடாகப் பார்க்கச் சொன்னால் ஒருவரும் தப்ப மாட்டார்கள். கெமாஸிலிருந்து வந்த ஒரு பெண்ணைவிட அவரவர் வீடு பெரிது.

துரை டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அப்பாவைப் பார்த்தார். மண்டோர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பார்வை அது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் சீவச் சொன்னேன்" என்றார். அதுவும் பொய். சீவுவோம் என்றது நாம். நம்மைக் காட்டிக்கொடுக்காமல் தான் ஏற்றுக்கொண்டார். கிராணி எழுதிக்கொண்டார்.

அன்று வகுப்பில் அவர் பாடம் நடத்தவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாமப் போச்சு பிள்ளைங்களா. உங்க மரத்த நானே சாவடிச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேசைதான். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. தவணை முடிவதற்குள் அவரை நிறுத்திவிட்டார்கள். பெரிய வாத்தியார் என்ன எழுதிக் கொடுத்தாரோ, பயிற்சிக் கல்லூரியும் இல்லை. ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறினார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். அதைப் பெரிய வாத்தியாரின் மனைவி பல வருஷம் பிடித்துக்கொண்டு திரிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்பா செத்து இருபது வருஷம் ஆகிறது. கடைசிவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

உங்கள் சிரித்த முகங்களைப் பார்த்த மறுவாரம் நான் விசாரிக்க ஆரம்பித்தேன். டீச்சர் உயிரோடுதான் இருக்கிறார், கெமாஸிலேயே இருக்கிறார் என்று தெரிந்தது. சிரம்பானில் ரயில் ஏறிப் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்ன வீடு. தனியாக இருக்கிறார். துணிக்கடையில் கணக்கு எழுதி, தையல் தைத்து, தங்கச்சிகளில் ஒருத்தியைப் படிக்க வைத்திருக்கிறார். மற்றவளால் முடியவில்லை. பக்கத்து வீடுகளிலெல்லாம் கறிவேப்பிலை, முருங்கை, பூச்சட்டி. அவர் வாசல் முழுவதும் சிமெண்ட். ஒரு துளசி கூட இல்லை. நான் பார்ப்பதைக் கவனித்து அவராகவே சொன்னார்.

"யாராச்சும் செடி கொண்டாந்து குடுப்பாங்க. நான் வாங்கறதில்ல. என் கைக்கு நிக்காது."

ஐம்பது வருஷம். அதை நம்பியே வாழ்ந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். டின், அப்பா, பெரட்டு, எல்லாம். முடித்ததும் டீச்சர் கேட்டார்.

"உங்கப்பா தெரிஞ்சேதான் சொன்னாரா?"

"ஆமா டீச்சர்."

"நின்னவங்களுக்கும் தெரியுமா?"

"பால்வெட்டுறவங்களுக்குத் தெரியாதா டீச்சர்."

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தனக்கு ஒன்றும் வேண்டாம், வீட்டில் போய் உட்கார்ந்து எழுதிக் கொடு என்றார். உன் கையால், எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது என்றார். சரி என்று எழுந்தேன். கேட் வரை வந்தவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இவ்வளவு நேரம் மரத்தப் பத்தியே பேசுனே. படம் போட்ட அந்தப் பிள்ளையோட கையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. அதுவும் இதாலதானா?"

அவர் என் முகத்திலேயே படித்துக்கொண்டார். "அதையும் எழுது" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினார். ஸ்டேஷனுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் வெயில். எங்கேயும் நிற்கத் தோன்றவில்லை.

ஆகவே எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நாம் எல்லாரும் கையை நனைத்தோம். ஆளுக்கு ஏழெட்டுத் தடம். பக்கத்து வீட்டுத் தோழி மட்டும், வழிந்துபோன தடங்களை ஏழு மரத்திலும் விரலால் இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். காலையிலிருந்து மதியம்வரை அவளுடைய இரண்டு கையும் அந்த டின்னுக்குள் இருந்தன. டீச்சர் தன் கையைத் துடைத்துக்கொண்டு போதும் வா என்று கூப்பிட்டும் அவள் வரவில்லை.

நான் வீட்டுக்குப் போனதும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து லயத்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். சவுக்காரமும் மணலும் போட்டு என் கையைத் தேய்த்தார். நான் வலி தாங்காமல் கத்தினேன். திரும்பத் திரும்பத் தேய்த்தார். நகக்கண்ணில் ஈர்க்குச்சி விட்டு எடுத்தார். அப்போது அவள் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்தாள். கை முட்டிவரை சிவப்பு. அவள் அம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். நம் வீடுகளில் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சோற்றில் வைப்போம். அப்பா அவளைப் பார்த்தார். நான் பார்த்தேன், அவர் அவளைப் பார்த்ததை. பிறகு குழாயை மூடிவிட்டு என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

பத்து நாளில் அவள் உள்ளங்கை கொப்பளித்துத் தோல் உரிந்தது. டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர், சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி ஊதா மருந்து தடவினார். அந்தத் தவணை முழுவதும் அவளால் பென்சில் பிடிக்க முடியவில்லை. அதற்கப்புறம் பிடிக்கவும் இல்லை. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு அவள் அம்மாவோடு பால்வெட்டுக்குப் போனாள். உள்ளங்கைத் தோல் தடித்து வெடித்துக் கிடந்ததை யாரும் கேட்கவில்லை. பால்வெட்டுக்காரி கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள்.

தோழி, நீயும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாய். யார் என்ன எழுதினாலும் கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். இதற்கு அதைப் போடாதே. ஒன்றும் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறக்க வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.